தூரத்தைக் கணக்கிடாத வரலாறு: ஒத்தக்கடை வட்டாரத்தில் ஊர் வரலாறு தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

ஒத்தக்கடை, நரசிங்கம், உத்தங்குடி, திருமோகூர் முதலிய ஊர்களில் உள்ளூர் வரலாற்றைத் தொகுத்துவரும் ஆசிரியர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும்,



மதுரை மாநகரின் மருத்துவமனைகளைப் பற்றி விழா மலர்களிலும் சிறப்பிதழ்களிலும் வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை; பெயர் சூட்டப்பட்ட ஆளுநர், திறப்பு விழா நடந்த ஆண்டு, படுக்கைகளின் எண்ணிக்கை, பின்னர் சேர்ந்த பிரிவுகளின் பட்டியல் என்று அவை நிறைவடைந்துவிடுகின்றன. அந்தப் படுக்கைகளில் படுத்தவர்கள் எந்த ஊரிலிருந்து, எந்த வழியாக, நோய் கண்டு எத்தனை நாள் கழித்து வந்து சேர்ந்தார்கள் என்பதற்கு அவற்றில் இடமில்லை. மதுரையைப் பொறுத்தவரை இதைச் சிறிய விடுபடல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஏனெனில் மேலூர், சிவகங்கை, இராமநாதபுரம், தேனி, விருதுநகர் என நாற்புறமும் விரிந்த வறண்ட சமவெளிக்கு மதுரையே கடைசி நம்பிக்கையாக இருந்துவந்திருக்கிறது. மேலூர்ச் சாலையில் அமைந்த ஒத்தக்கடை, அந்தச் சமவெளியின் ஒரு பகுதி நோயாளிகள் நகருக்குள் நுழையும் வாயிலாகவே இருந்துவந்துள்ளது. எனவே இவ்வட்டாரத்தார் எழுதும் மருத்துவமனை வரலாறு, வீட்டுத் திண்ணைக்கும் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கும் இடையிலிருந்த தூரத்தை அளவுகோலாகக் கொண்டு எழுதப்படுதல் வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள்.

தொகுப்போருக்கு மிக அருகிலேயே ஒரு தொடக்கப்புள்ளி இருக்கிறது. யானைமலை அடிவாரத்து நரசிங்கத்தில் உள்ள நரசிம்மர் குடைவரையைத் தோற்றுவித்தவன், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் உத்தரமந்திரியாக, அதாவது தலைமை அமைச்சராக, இருந்த மாறன் காரி என்பதையும், பணி முடிந்து குடமுழுக்கு நிகழும் முன்பே அவன் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து அதை நிறைவேற்றினான் என்பதையும் அங்குள்ள கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. கலியாண்டு 3871 என்று குறிக்கப்பட்ட அக்காலம் பொது ஆண்டுக் கணக்கில் 770 ஆகும். அக்கல்வெட்டில் மாறன் காரி ‘வைத்யன்’ என்று குறிக்கப்படுகிறான். இச்சொல் அவன் கைப்பட நாடி பார்த்து மருந்து கொடுத்தான் என்பதைக் காட்டுவதாகக் கொள்ள வேண்டியதில்லை. வைத்தியத்தைத் தொழிலாகக் கொண்ட குடியில் பிறந்தவன் என்று கொள்வதே பொருத்தம். ஆயினும் மருத்துவக் குடியைச் சேர்ந்தவர்கள் அரசவையில் தலைமை அமைச்சர் வரை உயர்ந்திருந்த செய்தி, மதுரை மருத்துவ வரலாற்றை வெள்ளையரின் கப்பலோடு தொடங்கும் கட்டுரைகளில் எங்கும் காணப்படாதது வியப்புக்குரியது. அதே மலையின் மேற்புறத்தில் சமணத் துறவியர் தங்கிய குகைத்தளமும் அதனருகே தமிழ்-பிராமி எழுத்துப் பொறிப்பும் உள்ளன. உணவு, அடைக்கலம், கல்வி ஆகியவற்றோடு மருந்தையும் நால்வகைத் தானங்களுள் ஒன்றாகச் சமணம் போற்றியது என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

எனினும் வைத்தியர் இருப்பது வேறு, மருத்துவமனை இருப்பது வேறு. அயலூரிலிருந்து வந்த நோயாளி தங்கி, உண்டு, பிறரால் பேணப்படும் இடமே மருத்துவமனை எனில், தமிழகத்தில் அதற்குத் தெளிவான சான்று காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள திருமுக்கூடல் கோயிலில் கிடைக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சோழன் வீரராசேந்திரன் காலத்தில், அங்கு 15 படுக்கைகளுடன் ஓர் ஆதுலர்சாலை நடந்தது. ஆதுலர் என்பது பிணியாளரைக் குறிக்கும் சொல். வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் என ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியம் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. பாண்டி நாட்டில் இவ்வளவு விரிவான கல்வெட்டைச் சுட்டுவது எளிதன்று. நாயக்கர் ஆட்சியின் இறுதிக்கட்டத்தில் 1689 முதல் 1706 வரை அரசாண்ட மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தது, வழிநடையில் தளர்ந்தவருக்கு ஒரு கூரையைத் தந்தது என்ற அளவில் மட்டுமே இவ்வரலாற்றோடு தொடர்புடையது.

1801இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் மதுரைச் சீமை வந்த பின்பும், ஆங்கில மருத்துவம் முதலில் படைவீரரையும் அதிகாரிகளையும் சிறைக் கைதிகளையும் நோக்கியதாகவே இருந்தது. 1809 தொடங்கி மூன்றாண்டு காலம் மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர், திருநெல்வேலிப் பகுதிகளில் கொள்ளை கொள்ளையாக உயிர்களைக் குடித்த காய்ச்சலை ஆராயக் கம்பெனி ஒரு மருத்துவக் குழுவை அனுப்பியது. குழு அறிக்கை எழுதியது. குடியானவர்களுக்கு மருந்து கொடுக்கும் இடம், அக்காலத்தவர் டிஸ்பென்சரி என்று சொன்ன மருந்தகம், மதுரையில் இயங்கியதற்கான புகழ்பெற்ற சான்று 1842ஆம் ஆண்டுக்குரியது. அது புகழ்பெற்றதற்குக் காரணம் கட்டடமோ அதைக் கட்டியவரோ அல்ல, அங்கு வந்தவர்களின் கால்கள்.

கில் என்ற ஆங்கில மருத்துவர் அவ்வாண்டில் மதுரையில் கண்ட ஒரு விசித்திரமான கால்நோயைப் பற்றி எழுதினார். பாதம் வலியின்றி மெல்ல மெல்ல வீங்கி, உருத்திரிந்து, பல கண்களாகத் துளைபட்டு, அத்துளைகளின் வழியே சீழோடு கடுகு அளவிலும் அதனினும் சிறியதாகவும் கறுப்பு, மஞ்சள், சிவப்பு நிற மணிகள் வெளிவரும் நோய் அது. 1846இல் கோல்புரூக் என்பவர் ஊரின் பெயரையே அதற்கு இட்டு ‘மதுரைக் கால்’ என வழங்கினார். 1860இல் பம்பாயில் பணியாற்றிய ஹென்றி வாண்டைக் கார்ட்டர், மண்ணில் வாழும் பூஞ்சையே இதற்குக் காரணம் என்று கருதி ‘மைசிட்டோமா’ என்ற பெயரை அளித்தார். உடற்கூற்றியல் மாணவர்கள் இன்றும் புரட்டும் கிரே எழுதிய நூலின் முதற்பதிப்புக்குப் படங்கள் வரைந்தவரும் இவரே. சிலவகைப் பாக்டீரியாக்களும் இந்நோயை உண்டாக்கும் என்பது பின்னர் தெளிவாயிற்று. நோய்க் கிருமிகளுள் ஒன்றுக்கு ‘மதுரெல்லா’ என்றும், மற்றொன்றுக்கு ‘ஆக்டினோமதுரா மதுரே’ என்றும் அறிவியலார் பெயரிட்டதால், மதுரையை வரைபடத்தில் பார்த்திராத சூடான் நாட்டு மருத்துவரும் மெக்சிகோ நாட்டு மருத்துவரும் நாள்தோறும் அவ்வூர்ப் பெயரை உச்சரிக்க நேர்ந்தது. கொசுக்கடியால் வரும் யானைக்கால் நோயோடு இதைக் குழப்பிக்கொள்ளுதல் கூடாது. யானைமலைக்குக் கீழே இருந்து எழுதுவோர் இவ்விடத்தில் கூடுதல் எச்சரிக்கையோடு இருப்பது நலம்.

இந்நோயைப் பெருமைக்கும் சிறுமைக்கும் அப்பால் வைத்து நோக்கினால், அது தூரத்தின் நோய் என்பது விளங்கும். வெறுங்காலோடு வயலிலும் காட்டிலும் உழைப்பவரின் பாதத்தில் கருவேல முள்ளோ கூர்ங்கல்லோ ஏறும்போது மண்ணிலுள்ள கிருமி உள்ளே புகுகிறது. வலி இல்லாததால் உழைப்பவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆண்டுகள் கடந்து எலும்பு அரிக்கப்பட்டு நடக்க முடியாத நிலை வந்த பிறகே வைத்தியம் தேடிப் புறப்படுகிறார். வந்து சேரும்போது பெரும்பாலும் காலை வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. மருந்தகம் இரண்டு கல் தொலைவில் இருந்திருந்தால் சிறு கட்டியாக இருக்கும்போதே அறுத்து எடுக்கப்பட்டிருக்கக் கூடியது, நாற்பது கல் நடந்து வந்ததால் ஒரு காலையே கொண்டுபோயிற்று. உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2016இல்தான்; கில் எழுதியதற்கும் அதற்கும் இடையே 174 ஆண்டுகள் கழிந்திருந்தன.

நகருக்குள் மருத்துவமனை என்ற பெயருக்கு முழுதும் பொருந்திய நிறுவனங்களை வளர்த்தவர்கள் அமெரிக்க மிஷன் மருத்துவர்கள். இம்மிஷன் 1834இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனின் கிளையாக மதுரைக்கு வந்தது என்பது இங்கு பலரும் மறந்துவிட்ட செய்தி. அதே யாழ்ப்பாண மிஷனைச் சேர்ந்த சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். அந்த முயற்சி மதுரையில் வேரூன்றியிருந்தால் நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே பின்னாளில் விழுந்த மொழித் தூரம் குறைந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. மற்றொரு தூரமும் அன்று இருந்தது. மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்த பெண்ணும், ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டக் கூசியதால், நாற்பது கல் தொலைவில் இருப்பவளைப் போலவே சிகிச்சையின்றிப் போனாள். 1885இல் மதுரைக்கு வந்த பெண் மருத்துவர் பாலின் ரூட்டும், 1895இல் வந்து நெடுங்காலம் பெண்களுக்கான மருத்துவமனையை நடத்திய ஹாரியட் பார்க்கரும் அந்தத் தூரத்தைக் குறைத்தவர்கள்; நகரின் தெருக்களில் அவர்கள் பெயரைத் தேடிப் பயனில்லை.

1888இல் வந்த ஃபிராங்க் வான் ஆலன் எழுப்பிய பொது மருத்துவமனை 1897இல் திறக்கப்பட்டு, விக்டோரியா அரசியின் பேரனான ஆல்பர்ட் விக்டரின் பெயரைத் தாங்கியது. அதன் கட்டுமானத்துக்கான பணத்தில் பெரும்பகுதி ஜமீன்தார்களும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் வழங்கியது. அமெரிக்கக் கிறித்தவர் நடத்திய மருத்துவமனையை, சிவன் கோயில்களுக்குத் திருப்பணி செய்த கைகள் கட்டிக்கொடுத்தன என்பது மதுரைக்கு இயல்பானதொரு முரண். வைகையின் குறுக்கே 1889இல் திறக்கப்பட்ட பாலத்துக்கும் அதே இளவரசனின் பெயரே இடப்பட்டிருந்தது. பாலம் இன்றும் ஏ.வி. பாலம் என்றே வழங்கப்படுகிறது. மருத்துவமனையோ மக்கள் வாயில் மிஷன் ஆஸ்பத்திரியாகிவிட்டது. ஒத்தக்கடைத் தரப்பிலிருந்து நோக்குவோருக்குப் பாலமே பெரிய மருத்துவ நிகழ்வாகத் தோன்றுதல் கூடும். கோட்டை இடிக்கப்பட்டு உருவான வெளி வீதிகளில் ஒன்றான கீழ வெளி வீதியில், ஆற்றுக்குத் தென்கரையில், மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. யானைமலைப் பக்கத்து ஊர்களோ வடகரையில் இருந்தன. பாலம் இல்லாத நாளில் வைகையில் வெள்ளம் புரண்டால் பிரசவ வலியில் இருப்பவளை ஏற்றிவந்த மாட்டு வண்டி வடகரையிலேயே நின்றிருக்க வேண்டும். அதனால் மருத்துவமனை வரலாற்றில் பாலத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்குவது மிகையாகாது.

அரசுத் தரப்பில் தூரத்தைக் குறைக்க நடந்த முயற்சி, மாவட்ட அளவில் வரி திரட்டிச் சாலை, பள்ளி, மருந்தகம் ஆகியவற்றுக்குச் செலவிட வழிசெய்த 1871ஆம் ஆண்டின் லோக்கல் ஃபண்டு சட்டத்திலும், அதைத் தொடர்ந்த 1884ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடங்குகிறது. முதியோர் பேச்சில் ‘எல்.எஃப். ஆஸ்பத்திரி’ என்று இன்றும் எஞ்சியிருக்கும் சொல் இதன் எச்சமே. ஒரு கம்பவுண்டர், கலர் கலராக நான்கு மருந்துப் புட்டிகள், ஒரு கட்டுப்போடும் மேசை என்ற அளவில் இயங்கிய இம்மருந்தகங்கள் வரலாற்று நூல்களில் அடிக்குறிப்புகளாகவே நின்றுவிட்டன. ஆனால் சமவெளி மக்களில் பெரும்பாலோர் முதன்முதலில் சந்தித்த ஆங்கில வைத்தியம் இவற்றில் இருந்ததுதான்.

வடகரையில், பனகல் சாலையில், 1940இல் பெரிய அரசு மருத்துவமனை எழுந்து, அப்போதைய சென்னை ஆளுநர் எர்ஸ்கின் பெயரைப் பெற்றது. பின்னாளில் அது இராஜாஜி பெயருக்கு மாறியது. மக்களோ எர்ஸ்கினையும் கண்டுகொள்ளவில்லை, இராஜாஜியையும் கண்டுகொள்ளவில்லை. அவர்களுக்கு அது என்றும் பெரியாஸ்பத்திரிதான். அரசு மருத்துவமனையைத் தர்மாஸ்பத்திரி என்று சொல்லும் வழக்கும் உண்டு. அச்சொல்லில் நன்றியும் உண்டு, காசில்லாதவன் போகும் இடம் என்ற சிறு கூச்சமும் உண்டு. அது வடகரையில் அமைந்ததால் மேலூர், நத்தம், அழகர்கோயில் சாலைகளில் வருவோர் ஆற்றைக் கடக்காமலே மருத்துவமனையை அடைந்தனர். 1954இல் மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டதும் அது போதனை மருத்துவமனையாகி, அதுவரை சென்னைக்கு அனுப்பப்பட்டுவந்த நோயாளிகளுள் பலருக்கு மதுரையே போதுமானதாயிற்று. 2020 மார்ச் 25 அன்று தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் பதிவானதும் இம்மருத்துவமனையில்தான் என்பதைத் தொகுப்போர் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

தூரத்தைத் தனிப் பிரச்சினையாகக் கண்டு, அதற்கு விடை தேடியவர்களுள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர், அந்தப் பெரியாஸ்பத்திரியிலும் கல்லூரியிலும் கண் மருத்துவத் துறைக்கு 1956 முதல் தலைமை வகித்த கோ. வெங்கடசாமி. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த அவர், முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பின்பும் அதற்கேற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976இல், உடன்பிறந்தோரின் துணையோடு 11 படுக்கைகளுடன் அவர் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை. கட்டணம் செலுத்துவோரிடமிருந்து வரும் வருவாயைக் கொண்டு செலுத்த இயலாதோருக்கு இலவசமாக அறுவை செய்யும் அதன் கணக்கு உலகெங்கும் மேலாண்மைக் கல்லூரிகளில் பாடமாகிவிட்டது. அந்தக் கணக்கைக் காட்டிலும், கிராம முகாம்களில் அவர்கள் கண்டறிந்த ஓர் உண்மையே இம்மடலின் பொருளுக்கு நெருக்கமானது. கண்புரை முற்றியவரிடம் அறுவை இலவசம் என்று சொன்ன பின்பும் பலர் வரவில்லை. ஏனெனில் பேருந்துக் கட்டணம், மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கான சாப்பாடு, துணைக்கு வரும் மகனோ மகளோ இழக்கும் கூலி ஆகிய மூன்றும் இலவசமாகவில்லை. முகாமிலிருந்தே வண்டியில் ஏற்றிவந்து, உணவளித்து, திரும்பக் கொண்டுபோய் விட்டபோதுதான் எண்ணிக்கை உயர்ந்தது. 1992இல் தொடங்கிய அரோலேப், கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லையை உள்ளூரிலேயே செய்து விலையைப் பன்மடங்கு குறைத்தது. பின்னர், ஊரிலிருக்கும் நோயாளியின் கண்ணை நகரிலிருக்கும் மருத்துவர் இணையம் வழியே பார்க்கும் சிறு பார்வை மையங்களும் வந்தன. நோயாளி வருவதற்குப் பதிலாக மருத்துவமனை புறப்பட்டுப் போகத் தொடங்கிய திருப்பம் இது.

தூரத்தை வேண்டுமென்றே உண்டாக்கிய மருத்துவமும் இருந்தது. காசநோயாளரை ஊருக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் தங்கவைத்துப் பேணும் சானடோரிய முறைக்குரிய சாயலை மதுரைக்குத் தெற்கே தோப்பூர் நெஞ்சக நோய் மருத்துவமனையின் இருப்பிடத்தில் காணலாம். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம், சானடோரியத்தில் தங்கியோரையும் வீட்டிலிருந்தே மருந்து உண்டோரையும் ஒப்பிட்டு, குணமாவதில் பெரிய வேறுபாடில்லை என்றும், வீட்டாருக்குத் தொற்றும் அபாயம் அதனால் கூடவில்லை என்றும் 1959இல் உலகுக்கு அறிவித்தது. இடநெருக்கடியான குடிசையிலும் மருந்து வேலை செய்யும் என்று தமிழ்நாட்டில் நிறுவப்பட்ட அச்செய்தி பல நாடுகளின் சானடோரியங்களை மூடவைத்தது. தோப்பூரின் கதை அதோடு முடியவில்லை. 2019 ஜனவரி 27 அன்று அங்கே எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் முதல் மாணவர் அணி 2022இல் மதுரையில் அன்றி இராமநாதபுரத்தில், நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், படிப்பைத் தொடங்கியது. 

இப்போது மேலூர்ச் சாலையின் நிலை தலைகீழாகிவிட்டது. 1965இல் வேளாண்மைக் கல்லூரியும் 2004இல் உயர்நீதிமன்றக் கிளையும் வந்த ஒத்தக்கடைப் பக்கம், மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தைத் தாண்டினாலே பெரிய தனியார் மருத்துவமனைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் பெயர்பெற்ற மீனாட்சி மிஷன் மருத்துவமனையின் முகவரியில் ‘ஏரிப் பகுதி’ என்ற சொல்லும் இருப்பதால், கண்மாய்ப் பாசனம் பார்த்த நிலத்தில் நகரம் எப்படி வளர்ந்தது என்பதற்கு அஞ்சல் முகவரியே சான்றாகிறது. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் வண்டிகளும் ஓடுகின்றன. கல் கணக்கிலான தூரம் குறைந்துவிட்டது. கட்டணக் கவுன்டருக்கும் வார்டுக்கும் இடையிலுள்ள பத்தடித் தூரம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை அடமானக் கடைச் சீட்டுகள் சொல்லும்.

ஆகவே தொகுப்போர் ஆவணக் காப்பகத்துக்குச் செல்லும் முன், இவ்வட்டாரத்தில் எண்பது வயதைக் கடந்தவர்களிடம் செல்லுதல் நலம். முதன்முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனது எந்த ஆண்டில், எந்த வண்டியில்? போகும் வழியில் எங்கே நிறுத்தினார்கள்? துணைக்குச் சென்றவர் இரவில் வராந்தாவில் படுத்தாரா, மரத்தடியிலா? சாப்பாடு வீட்டிலிருந்து வந்ததா, விலைக்கு வாங்கியதா? அதற்கு முன் எந்த நாட்டு வைத்தியரிடம், எந்த மருத்துவச்சியிடம், எந்தக் கோயில் பூசாரியிடம் போனார்கள் என்பன போன்ற கேள்விகளுக்கு எந்த அரசுக் கோப்பிலும் விடை கிடைக்காது. ஓய்வுபெற்ற செவிலியர், ஆயாம்மாக்கள், கம்பவுண்டர்கள் ஆகியோரின் நினைவுகளைத் தனித் தொகுதியாகப் பதிவு செய்தல் வேண்டும். டிரங்குப் பெட்டிகளில் கிடக்கும் பழைய ஓ.பி. சீட்டுகளில் தேதியும் ஊர்ப்பெயரும் இருக்கும். நோயாளியின் பெயரை மறைத்து அவற்றைப் படியெடுத்து, ஊர்வாரியாக ஒரு வரைபடத்தில் குறித்தால், மதுரையின் எந்த மருத்துவமனை எவ்வளவு தொலைவு வரை கை நீட்டியது என்பது கண்ணுக்குத் தெரியும். நரசிங்கத்திலிருந்தே தொடங்கலாம், வைத்தியன் பெயர் வெட்டப்பட்ட குடைவரைக்கு எதிர்த் தெருவில் இருப்பவர்களை முதலில் கேட்டுவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருமோகூருக்குச் செல்லலாம்.